வீட்டுக் கடன் ஃபைல் நகரவில்லையா? அறிகுறியைப் பார்த்து அடைப்பைக் கண்டுபிடிப்பது

சிஸ்டத்தில் 'லீகல் பெண்டிங்' என்று ஒரு வரி வந்ததும் கஸ்டமருக்கு போன் போட்டு "இன்னும் டாக்குமெண்ட் வேணும் சார்" என்று சொல்லிவிடுவது வங்கியில் வீட்டுக் கடன் ஃபைல் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் பழக்கம். அவரும் பாவம், பீரோவில் இருக்கிற பழைய கரண்ட் பில் வரைக்கும் அள்ளிக்கொண்டு வருவார். ஃபைல் தடிக்கும், நகராது. வக்கீலோ கிரெடிட் மேனேஜரோ எழுதுகிற குவெரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு சந்தேகம்தான் இருக்கும். அதைத் தீர்க்கிற காகிதம் ஒன்றுதான், அந்தக் காகிதத்தைக் கொடுக்கிற அதிகாரமும் ஒருவருக்குத்தான். என்ன சந்தேகம், எந்தக் காகிதம், யார் கொடுப்பார் என்று மூன்றும் தெரிந்த பிறகு போனை எடுங்கள்.

கீழே இருப்பவை ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்து ஃபைல்களில் திரும்பத் திரும்ப வருகிறவை. உங்களுக்கு வந்திருக்கிற அறிகுறி எதுவோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

ஈசியில் (வில்லங்கச் சான்றில்) ஒன்றுமே இல்லை, ஆனால் பத்திரம் கையில் இருக்கிறது

1992-ல் பதிவான கிரயப் பத்திரம் மேசையில் கிடக்கிறது. 1990-லிருந்து இன்று வரை வில்லங்கம் போட்டால் பதிவு எதுவும் இல்லை என்று வருகிறது. சொத்து சுத்தமாக இருக்கிறது என்று கஸ்டமர் சந்தோஷப்படுவார், நீங்கள் படாதீர்கள். கையில் இருக்கிற பத்திரமே வரவில்லை என்றால் தேடின இடம் தப்பு, அவ்வளவுதான்.

முதலில் சர்வே எண்ணை விட்டுவிடுங்கள். பதிவுத்துறை போர்ட்டலில் ஆவண எண் வைத்துத் தேடுகிற வழி இருக்கிறது. பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பதிவு எண், வருடம், அலுவலகம் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பத்திரம் வந்துவிட்டால் அதை ஆபீஸில் எந்தக் கிராமம், எந்த சர்வே எண்ணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்த எண்ணை வைத்து மறுபடி ஈசி போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். ஆவண எண்ணில் பத்திரம் வந்து, ஏற்றியிருக்கிற சர்வே எண் தப்பாக இருந்தால் அது அட்டவணைப் பிழை. அதைத் திருத்தச் சொல்லி அந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டியது சொத்துக்காரர், வங்கி அல்ல.

ஆவண எண்ணிலும் வராவிட்டால் அலுவலக எல்லையைப் பாருங்கள். அலுவலகங்களின் எல்லை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இன்றைக்கு மாதவரத்திலோ திருவொற்றியூரிலோ வருகிற இடம் முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கே பதிவானது என்பதைப் பத்திரத்தின் முத்திரையில் படித்துக்கொள்ளுங்கள், கூகுள் மேப்பில் தேடாதீர்கள். அப்படி இருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தனித்தனியாக ஈசி போட வேண்டும், இரண்டு காலத்துக்கும் நடுவே ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. வக்கீல்கள் அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சென்னை மாநகரின் பழைய பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரத்தில் பழைய சர்வே எண், ரெவின்யூ ரெக்கார்டில் டி.எஸ். (நகர நில அளவை) எண்ணும் பிளாக் எண்ணும். ஒன்றை மட்டும் போட்டால் பாதி விவரம்தான் வரும். தண்டையார்பேட்டை, பெரம்பூர் ஃபைல் என்றால் பட்டா கேட்டு அலைவதற்கு முன்னால் நகர நில அளவைப் பதிவேட்டு நகலை எடுத்துப் பாருங்கள், இரண்டு எண்ணும் எப்படிப் பொருந்துகிறது என்பது அதிலிருந்து பிடிபடும்.

பத்திரத்துக்குப் பத்திரம் மாவட்டமே மாறுகிறது

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஃபைல்களைத் தென்சென்னை வக்கீல் யாராவது பார்த்தால் இந்தக் குவெரி நிச்சயம். 1980-களின் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்றெல்லாம் இருக்கும். அடுத்ததில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், அதற்கடுத்து திருவள்ளூர், இப்போது சென்னை. இடம் அதேதான். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது, 2011-ல் இந்த நகராட்சிகள் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன, 2018-ல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தது. இதற்குப் பிழைத்திருத்தப் பத்திரம் தேவையில்லை. இந்த வருடங்களைப் போட்டு நாலு வரியில் விளக்கம் எழுதி, சர்வே எண்ணும் செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லையும்) மாறவில்லை என்று காட்டினால் போதும். மாநகராட்சியின் வார்டுகளும் 2011-ல் 200 ஆனதால் டிவிஷன் எண்ணும் மாறியிருக்கும், கதவு எண்ணில் பழையது புதியது என்று இரண்டு இருக்கும். சொத்து வரி ரசீதில் இரண்டு எண்ணும் இருந்தால் அதுவே சாட்சி.

ஆனால் செக்குபந்தியில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தாலோ, அளவு ஒரு பத்திரத்தில் 900 சதுர அடி, அடுத்ததில் 960 என்று வளர்ந்திருந்தாலோ அது வேறு கதை. விளக்கக் கடிதம் எடுபடாது. எழுதிக் கொடுத்தவர் வந்து பிழைத்திருத்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லை என்றால் அவருடைய வாரிசுகள். 900 என்று விற்றவரிடமிருந்து 960 வாங்க முடியாது என்பதால் பல இடத்தில் குறைந்த அளவுக்குத்தான் கடன் என்று வங்கி முடித்துவிடும், கஸ்டமரும் ஒத்துக்கொண்டால் அது சுலபமான வழி.

ஈசியில் பழைய அடமானம் நிற்கிறது

"அந்த லோனெல்லாம் அப்பவே கட்டி முடிச்சாச்சு" என்பார்கள். கட்டியிருப்பார்கள், பொய் இல்லை. கடன் முடிந்ததும் பத்திரங்களை வாங்கிக்கொண்டு போனவர் கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதிக் கொடுக்கிற ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார். நோ டியூஸ் லெட்டர் வீட்டில் இருந்தாலும் ஈசியில் அடமானம் அப்படியே நிற்கும். புதிய வங்கிக்கு வேண்டியது ஈசியில் ரசீது ஏறுவது, லெட்டர் அல்ல.

ரசீதை எழுதிக் கொடுக்க வேண்டியது கடன் கொடுத்த வங்கி. அந்த வங்கியே இப்போது இல்லை என்றால் பதறாதீர்கள். விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019 ஏப்ரலில் பாங்க் ஆஃப் பரோடாவில் சேர்ந்தன. 2020 ஏப்ரலில் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில், சிண்டிகேட் கனரா வங்கியில், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியில் சேர்ந்தன. ஹெச்.டி.எஃப்.சி. வீட்டுக் கடன் நிறுவனம் 2023 ஜூலையில் அதே பெயருள்ள வங்கியோடு இணைந்தது. இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய கிளைக்குத்தான் போக வேண்டும். பழைய கணக்கு எண் இருந்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் எம்.ஓ.டி.யின் (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான அடமான ஆவணத்தின்) ஆவண எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் வாங்கின பழைய கடன்தான் இதில் ரொம்ப இழுக்கும், சங்கத்து ஆபீஸே எங்கே இருக்கிறது என்று தேடுவதில் நாள் போகும், அதனால் ஈசியில் சங்கத்தின் பெயரைப் பார்த்த அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

ஈசி மட்டும் பார்த்து நிறுத்தாமல் செர்சாயிலும் ஒரு தேடல் போடுங்கள். வங்கிகளின் அடமானங்களைப் பதிவு செய்ய 2011-லிருந்து இயங்குகிற மத்தியப் பதிவகம் அது. பதிவு அலுவலகத்துக்கே போகாமல் பத்திரத்தை வைத்து வாங்கின கடன் அங்கே தெரியலாம்.

வக்கீல் "ஒரு வாரிசு விடுபட்டிருக்கிறார்" என்கிறார், வாரிசுச் சான்றில் எல்லோரும் இருக்கிறார்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் குடும்பத்துக்குள் சண்டை வருவது இங்கேதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயரில் இருக்கிறது, அவருடைய சுயசம்பாத்தியம், உயில் எழுதாமல் 2003-ல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். பெரிய மகன் பேருக்கு மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அவர் இப்போது விற்கிறார். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அப்பா இறந்தபோது அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மூன்று பிள்ளைகள், தாய் என்று ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருந்திருக்கும், ஆனால் விடுதலை எழுதும்போது அவர் இறந்துபோயிருப்பார், "பாட்டிதான் இல்லையே" என்று விட்டிருப்பார்கள். அவர் போனாலும் அவர் பங்கு போகாது. அது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் இறங்கும். ஆக, அத்தையும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீல் கேட்பது இந்தக் கையெழுத்தைத்தான். இதை விற்கிற பெரிய மகனிடம் சொல்லும்போது "உங்க அத்தைக்கும் பங்கு இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள், அன்றைக்கே ஃபைல் செத்துப்போகும். பாட்டி இறந்த தேதிக்கான சான்று, பாட்டியின் வாரிசுச் சான்று இரண்டையும் முதலில் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தச் சான்று கைக்கு வரும்போது அவருக்கே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் அத்தை, சித்தப்பாவிடமிருந்து விடுதலைப் பத்திரம் வாங்குவதா, கிரயத்திலேயே அவர்களையும் விற்பவர்களாகச் சேர்ப்பதா என்று வக்கீலைக் கேட்டு முடிவு பண்ணலாம். இரண்டாவது வழியில் விற்பவர் தரப்பில் ஆள் கூடும், காசோலையும் கூடும்.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ராயபுரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை, மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பம் என்றால் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஆறில் ஒன்று. எந்தச் சட்டம் என்று தெரியாமல் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள்.

மைனர் பிள்ளைக்குப் பங்கு இருந்தால் அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டது போதாது, விற்க கோர்ட் அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஏற்கெனவே விற்றிருந்தால் நீங்கள் சரிசெய்யக் கூடியது எதுவும் இல்லை, வக்கீல் முடிவுக்கு விடுங்கள்.

பெயர் பொருந்தவில்லை

பத்திரத்தில் 'முருகேசன் மகன் ரவி', ஆதாரில் 'ரவி எம்', பான் கார்டில் 'முருகேசன் ரவி', வங்கிக் கணக்கில் 'எம் ரவிக்குமார்'. முதல் மூன்றும் இனிஷியல் விவகாரம். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று போட்டால் தீரும். நாலாவது அப்படி இல்லை, பெயரே வேறு. இரண்டு பெயரையும் ஒரே ஆளோடு சேர்த்துக் காட்டுகிற பழைய அரசு ஆவணம் ஏதாவது வேண்டும், அல்லது வங்கிக் கணக்கில் பெயரை மாற்ற வேண்டும். இதைச் சாங்ஷனுக்கு முன்னால் செய்யாவிட்டால் பே ஆர்டர் (விற்பவருக்கு வங்கி கொடுக்கிற காசோலை) அடிக்கிற அன்றைக்கு மாட்டுவீர்கள். அக்காமார்களுக்கு கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், அதையும் ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கண்ணெதிரே நிற்கிறது, பத்திரம் மட்டும் இல்லை

மாத்தூர் எம்.எம்.டி.ஏ., வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்து வாரிய வீடுகளில் இது சகஜம். ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், தவணை கட்டின ரசீதுகள் இருக்கும், முதல் ஒதுக்கீட்டாளர் இன்னொருவருக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்திருப்பார், அவர் மூன்றாமவருக்கு. இது எதுவும் கிரயம் ஆகாது. வீட்டு வசதி வாரியமோ, சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ), 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறின பழைய குடிசை மாற்று வாரியமோ ஒதுக்கீட்டாளர் பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டை வைத்துக் கடன். அதற்கு முதல் ஒதுக்கீட்டாளரோ அவர் வாரிசுகளோ வந்தாக வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிராசஸிங் கட்டணம் வாங்குவதற்கு முன்பே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இல்லை என்று முதல் நாளே சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று கோயில் அடிமனை: கட்டடம்தான் இவருடையது, மண் கோயிலுடையது, மாதாமாதம் வாடகை கட்டுகிறார். திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டைப் பார்த்தால் தெரியாது, வரி ரசீதோடு கோயில் ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இன்னொன்று அங்கீகாரம் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனை என்றால் 2017-ன் வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி ஆணை வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆணை இருந்தால் ஃபைலை எடுங்கள்.

கிரெடிட் "வருமானம் நிரூபணம் இல்லை" என்று எழுதுகிறார்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர், கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், எல்லோருக்கும் பணம் இருக்கும், காகிதம் இருக்காது. அவசரத்தில் இரண்டு வருட ஐ.டி. ரிட்டர்னை ஒரே நாளில் தாக்கல் செய்து கொண்டுவருவார்கள். கிரெடிட் மேனேஜர் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, தாக்கல் தேதியை. அப்படிப்பட்ட ஃபைலை உடனே ஏற்றுவதைவிட வருமானத்தைத் தவறாமல் கணக்கில் போட்டுக்கொண்டு சில மாதம் பொறுத்து வரச் சொல்வதுதான் அவருக்கு நல்லது. ஒருமுறை ரிஜெக்ட் ஆனால் அடுத்த இடத்திலும் அந்த விசாரணை தெரியும்.

ஐ.சி.எஃப்., லோகோ ஒர்க்ஸ் போன்ற ரயில்வே ஆட்களுக்கு நேர் எதிர். சம்பளம் சுத்தமாக இருக்கும், பே ஸ்லிப்பில் சொசைட்டிக் கடன் பிடித்தம் பாதியைத் தின்றிருக்கும். சிபில் (கடன் வரலாற்று அறிக்கை) மட்டும் பார்த்து எலிஜிபிலிட்டி சொன்னவர்கள் இங்கே கவிழ்வார்கள், பே ஸ்லிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

சிபிலில் 'செட்டில்டு', அதாவது முழுத் தொகையும் கட்டாமல் சமரசத்தில் முடித்த கடன் என்று இருந்தால் மீதித் தொகையைக் கட்டி முடித்து மாற்றச் சொல்லுங்கள். வேறு வழியில்லை. 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்களைக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கிறார்கள், அதனால் முன்போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கேட்ட தொகைக்கும் வந்த தொகைக்கும் இடையில் ஓட்டை

40 லட்சத்துக்கு வீடு, 36 கேட்டார், 32 வந்தது. யாரும் குறைக்கவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. இந்தக் கணக்கில் முத்திரைத்தாள் செலவு வராது. கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கைப்பணம். இதை முதல் சந்திப்பிலேயே பேப்பரில் எழுதிக் காட்டுங்கள்.

பத்திரத்தில் 28 போட்டு மீதியைக் கையில் கொடுக்கிற ஏற்பாடு என்றால் வங்கிக்குத் தெரிவது 28 மட்டும். அதேபோல ராயபுரத்தில் பொதுச்சுவரோடு ஒட்டின பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு மதிப்பீட்டாளர் மண்ணுக்குத்தான் மதிப்புப் போடுவார், கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்துக் கடன் காலத்தையும் குறைப்பார்கள். அவரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், வேலை நடக்கவில்லை

விரல் ரேகை விழவில்லை: துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், மீன் வெட்டுகிறவர்கள் கையில் ரேகை தேய்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து வேறு விரலை வைக்கச் சொல்லுங்கள், கையோடு வேறு அடையாள ஆவணமும் இருக்கட்டும். பவரில் கையெழுத்துப் போடுபவர் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான டாக்டர் சான்று புதிதாக வேண்டும், பழைய சான்றோடு வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீத டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். பே ஆர்டரை முழுத் தொகைக்கு அடித்துவிட்டு ஆபீஸ் வாசலில் விற்பவரிடம் அந்த ஒரு சதவீதத்தைத் திருப்பிக் கேட்டால் அவர் தருவாரா? முந்தைய நாளே பத்திர வரைவையும் பே ஆர்டரையும் பக்கத்தில் வைத்துப் பெயர், தொகை, எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். விற்பவர் நாலு பேர் என்றால் நாலு பே ஆர்டர். கிரயம் முதலில், எம்.ஓ.டி. அடுத்து. அசல் பத்திரத்தைத் திரும்ப வாங்குகிற ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கஸ்டமர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அதைத் திரும்ப வாங்குவது தனி வேலை.

டேக்ஓவர் கடன் (வேறு வங்கியிலிருந்து நம் வங்கிக்கு மாற்றுகிற கடன்): பணம் போய்விட்டது, பழைய வங்கியிலிருந்து பத்திரம் வரவில்லை

அடமான விவரத்தை செர்சாயில் ஏற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு பழைய வங்கியோடு பேசலாம். 2023 டிசம்பர் 1-லிருந்து அமலில் இருக்கிற ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடன் முழுக்கக் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான சார்ஜையும் (அடமானப் பதிவையும்) நீக்க வேண்டும். தாமதம் அவர்கள் தரப்பில் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கஸ்டமருக்கு. தொலைத்துவிட்டார்கள் என்றால் நகல் எடுக்க உதவி செய்து, செலவையும் அவர்கள்தான் ஏற்க வேண்டும், அதற்கு மட்டும் இன்னொரு 30 நாள் உண்டு.

இதையெல்லாம் போனில் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்றுதான் பதில் வரும். கடன் முடிந்த தேதியைப் போட்டு, ஆரம்பத்தில் அவர்கள் கொடுத்த பத்திரப் பட்டியலை இணைத்து, கஸ்டமர் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து கிளையில் சீல் வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நாள் கணக்கு கடன் முடிந்த தேதியிலிருந்துதான் ஓடும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பத்திரத்தையும் கவுண்டரிலேயே பக்கம் எண்ணிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், தாய்ப்பத்திரத்தின் பின்னிணைப்பு வரைபடம்தான் அடிக்கடி விட்டுப்போகும்.